பழம்பாட்டு நாட்டமும் பாவலன் பெயரும்

1. முன்னுரை

பழைய பாட்டே பாட்டு என்னும் கூற்று தமிழ்நாட்டில் எங்கும் கேட்கப்படுவதாகும். திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம், காங்கயம், உடுமலை முதலிய ஊர்களிலும் இக்கூற்றுக்குத் தனி வலிமை உண்டு. 1925ஆம் ஆண்டளவில் இங்கு வேரூன்றிய பின்னலாடைத் தொழில் பல்லாயிரம் மக்களை நாள் முழுதும் ஓரிடத்தே அமர்த்தி வைத்தது. தையல் எந்திரங்கள் வரிசையாய் ஓடும் பனியன் கம்பெனிகளில், கையும் கண்ணும் துணியின்மேல் இருக்கச் செவி ஒன்றே ஓய்வாயிருக்கும். அச்செவிக்கு நெடுங்காலமாக உணவாகி வருவது பாட்டு. முதலில் வானொலி இருந்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. இன்று கைப்பேசி உள்ளது. கருவிகள் மாறின. எனினும் இரவு ஷிப்டில் முதியவர் ஒருவர் தம் விருப்பப்படி பாட்டு வைப்பாராயின், அது பெரும்பாலும் 1950, 1960ஆம் ஆண்டுகளை ஒட்டிய திரைப்பாட்டாகவே இருக்கக் காண்கிறோம்.

இவ்விருப்பத்தை இகழ்வது எம் நோக்கமன்று, யாமும் அவ்விருப்பமுடையோமே. ஆயின், பழைய பாட்டே பாட்டு என்பது மதிப்பீட்டுச் சொல். மதிப்பீடு எங்கு உண்டோ அங்குத் திறனாய்வாளனுக்குக் கடமை உண்டு. அக்கூற்று பாட்டின் தகுதியைச் சொல்கின்றதா, சொல்வோனின் இளமையைச் சொல்கின்றதா என்று பகுத்துக் காணல் வேண்டும். நினைவு நல்ல சான்று. ஆனால் நல்ல நடுவன் அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு. நடுவனல்லாத நினைவை நடுவனாக அமர்த்தியதால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும் ஈண்டு எடுத்துக்காட்டுவோம். அவ்வொருவர் பாடலை இயற்றிய பாவலர்.

2. இரக்கமும் மதிப்பீடும்

கழிந்ததற்கு இரங்குதல் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டு இதற்குத் தலையாய சான்று. தண்டூன்றி நடந்து, இருமலுக்கிடையே சில சொற்களே பேச வல்ல முதியவர் ஒருவர், தம் இளமையை நினைக்கின்றார். மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதும், மருதமரத்தின் உயர்ந்த கிளையிலிருந்து கரையில் நின்றோர் வியக்க ஆழ்ந்த மடுவில் பாய்ந்ததும், அடியிலிருந்து மணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் எழுகின்றன. அவ்விளமை இன்று எங்குள்ளதோ என்று இரங்கி முடிக்கின்றார்.

இப்பாட்டில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அன்றைய மடு இன்றைய மடுவினும் சிறந்தது என்று அப்புலவர் யாண்டும் கூறவில்லை. இன்றைய சிறுவர்க்குப் பாயத் தெரியாது என்றும் கூறவில்லை. தாம் இழந்தது இளமையே என்பதைத் தெளிவாக உணர்ந்து அதற்கே இரங்கினார். இரக்கத்தை இரக்கமாகவே நிறுத்தி, மதிப்பீடாகத் திரித்துக்கொள்ளாத நேர்மை அப்பாட்டின் அழகுகளுள் ஒன்று எனலாம். நம் காலத்துப் பழம்பாட்டு அன்பர் பலர் இவ்வெல்லையைக் கடந்துவிடுகின்றனர். மடுவைப் புகழ்கின்றோம் என்று கருதித் தம் இளமையைப் புகழ்கின்றனர்.

தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நிலைக்களனாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கனைக் கூறினார். அவற்றுள் அசைவு என்பதற்குப் பண்டைய நிலைமை கெட்டு வருந்துதல் என்னும் கருத்துப்படப் பேராசிரியர் உரை கண்டார். உவகைக்குரிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. பழம்பாட்டுக் கேட்போன் உள்ளத்தில் இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. விளையாட்டால் உவகையும் அசைவால் அழுகையும் கலந்து வருதலின், அவ்வுணர்ச்சி தனி ஒன்றினும் வலிதாகத் தோன்றுகின்றது. அதன் வலிமையையே பாட்டின் தகுதி என்று மயங்குதல் எளிது.

இம்மயக்கத்தைத் தெளிவிக்கும் காட்சி திருப்பூரில் நாள்தோறும் உள்ளது. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்து இங்குப் பணிபுரியும் இளைஞர் மிகப் பலர். இரவில் அறைக்குத் திரும்பியதும் அவரும் தம் ஊர்ப் பாட்டைக் கேட்டு ஏங்குகின்றனர். நம் பழம்பாட்டு அவரை அசைப்பதில்லை. அவர் பாட்டு நம்மை அசைப்பதில்லை. ஏக்கத்தின் அளவோ இருபாலும் ஒன்றே. ஆதலின் ஏக்கத்தின் மிகுதியைக் கொண்டு பாட்டின் உயர்வை அளத்தல் பொருந்தாது என்பது போதரும்.

3. பாட்டுக்குரியோர் மூவர்

இசைப்பாட்டுக்கு உரியோர் மூவர்: சொல்லை யாத்தவர், இசையை வகுத்தவர், பாடியவர். நம் முன்னோர் இவருள் யாரைப் போற்றி எழுதி வைத்தனர் என்பதைப் பரிபாடல் காட்டும். அந்நூலின் பாட்டுக்களுக்கு இயற்றியவர் பெயரும், இசை வகுத்தவர் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. கடுவன் இளவெயினனார் பாட்டுக்குப் பெட்டனாகனார் இசை வகுத்தார் என்பதை நாம் இன்றும் அறிகின்றோம். பாடிய பாணர் பெயரை அறியோம். இருபதாம் நூற்றாண்டிலோ இந்நிலை தலைகீழாயிற்று. பாடியவர் பெயர் எல்லார் நாவிலும் உள்ளது. இசை வகுத்தவர் பெயர் ஓரளவு நினைக்கப்படுகின்றது. சொல்லை யாத்தவர் பெயரைச் சிலரே அறிவர்.

பாடகரின் பெருமையைக் குறைத்தல் எம் கருத்தன்று. குரலைப் பதிவு செய்யும் கருவி தோன்றியபின் பாடகரும் அழியாப் புகழுக்கு உரியராயினர், அது முறையே. மேலும், அக்காலத்துப் பாடகர் தமிழுக்குச் செய்த தொண்டு ஆராயத்தக்கது. மதுரையிற் பிறந்த டி. எம். சௌந்தரராசன் (1922–2013) சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். பி. சுசீலா (பிறப்பு 1935), பி. பி. சீனிவாசு (1930–2013), ஏ. எம். ராசா (1929–1989) ஆகியோர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர். தமிழ் ஒலிப்புக்கு எடுத்துக்காட்டாக இன்று நம்மவர் கூறும் குரல்களுள் இவை அடங்கும். தாய்மொழி என்னும் எளிமையால் அன்றி, எழுத்தெழுத்தாகப் பயின்ற உழைப்பால் அமைந்த செம்மை அது. அச்செம்மையை நினைந்து பாராட்டுவோர் வெறும் ஏக்கத்தாற் பேசவில்லை. உண்மையான ஒரு தகுதியைக் கண்டே பேசுகின்றனர்.

பொற்காலம் எனப்படும் அக்காலமும் முந்தையதொன்றை நாடியே தொடங்கிற்று என்பதை மறத்தலாகாது. சௌந்தரராசன் முதலில் பாடிய 'கிருஷ்ண விஜயம்' (1950) கோவைச் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான படம். அதில் அவர் எம். கே. தியாகராச பாகவதரின் (1910–1959) சாயலிலேயே பாடினார். தமக்கென ஒரு குரல்நெறி அமைந்தது அதன் பின்னரே. இன்று நாம் ஏங்கும் குரலும் ஒருகால் மற்றொரு குரலுக்கு ஏங்கிற்று. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பழம்பாட்டு உண்டு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, பாவலர் பெயர் மறைந்தமைக்குக் காரணம் யாது? படத்தின் தொடக்கத்தில் பாடல்கள் என்னும் தலைப்பின்கீழ் இருவர் மூவர் பெயர்களை ஒருங்கே காட்டுதல் அக்கால வழக்கம். எப்பாட்டு எவருடையது என்று பிரித்துக் கூறும் வழக்கம் அருகியே இருந்தது. 'தூக்குத் தூக்கி' (1954) போன்ற படங்களில் உடுமலை நாராயணகவியும் மருதகாசியும் சேர்ந்து பாடல் புனைந்தனர். சேர்த்துக் காட்டிய பெயர்கள் திரையில் ஓரிரு நொடி நின்று மறைந்தன. குரல் மட்டும் நின்றது.

4. செவிக்கு வந்த வழி

நினைவு தானே தேர்ந்தெடுப்பதில்லை. அதற்குமுன் வேறு சிலர் தேர்ந்து தருகின்றனர். 1952இல் நடுவண் அமைச்சர் பி. வி. கேசுகர் பொறுப்பில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுக்களை மிகக் குறைத்தது. அவை மக்கள் சுவையைக் கெடுப்பன என்பது அவர் கருத்து. மக்கள் தம் சுவையை மாற்றிக்கொள்ளவில்லை. வானொலியின் முள்ளை மாற்றி இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டனர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்டபின் திரைப்பாட்டு மீண்டும் இந்திய வானொலியில் இடம்பெற்றது. கோவை வானொலி நிலையம் 1966இல் தான் அமைந்தது. ஆகவே, கொங்கு நாட்டு முதியோரின் பழம்பாட்டு நினைவிற் பெரும்பகுதி கடல் கடந்து வந்த ஒலியால் அமைந்தது.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமையத்துக்கே இடந்தரும். அதற்குள் அடங்கியதே மீண்டும் மீண்டும் ஒலித்தது. அதற்குள் அடங்காத நெடும்பாட்டும், உரையிடையிட்ட பாட்டும் ஒலிக்கும் வாய்ப்பைப் பெரிதும் இழந்தன. மேலும், நன்றல்லாத பாட்டுக்களை எவரும் மீண்டும் ஒலிபரப்பவில்லை, அவை மறைந்தன. எஞ்சிய நல்லவற்றை மட்டும் கேட்டு, அக்காலத்துப் பாட்டனைத்தும் நல்லனவே என்று கருதுதல் சல்லடையில் தங்கியதைக் கண்டு நொய்யே இருந்ததில்லை என்பதனோடு ஒக்கும்.

5. நந்தனும் கிந்தனும்

குரல் நிற்கச் சொல் மறைந்தமையைக் கொங்கு நாட்டவர் இருவரை வைத்து விளக்கலாம். ஒருவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). மற்றொருவர் உடுமலைக்கு அணித்தாய பூளவாடியிற் பிறந்த உடுமலை நாராயணகவி (1899–1981). பூளவாடி இன்று திருப்பூர் மாவட்டத்தைச் சார்ந்தது.

சுந்தராம்பாள் நாடக மேடையிற் புகழ்பெற்று, எஸ். ஜி. கிட்டப்பாவை (1906–1933) மணந்து, அவர் மறைந்தபின் வெள்ளையாடை உடுத்துத் துறவு போன்ற வாழ்வை மேற்கொண்டவர். 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலக்கம் ரூபாய். அக்காலத்தில் அது பெரும்பொருள். 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' (1964), 'திருவிளையாடல்' (1965) என்னும் படங்களால் அவர் குரல் பிற்காலத்தவர் செவியிலும் நிலைத்தது. பழம்பாட்டு அன்பர் இன்று சுந்தராம்பாள் என்றவுடன் நினைப்பது ஔவையாகவும் கவுந்தியாகவும் வந்த முதுமைக்குரலையே. இருபது அகவையில் அவர் மேடையில் பாடிய குரல் அவர்க்குப் பழம்பாட்டு அன்று. அதனை அவர் கேட்டிலர். நினைவின் எல்லை கேட்டதன் எல்லையே என்பது இதனாலும் விளங்கும்.

நாராயணகவியார் உடுமலை முத்துசாமிக் கவிராயரிடம் பயின்று, நாடகப் பாட்டிலிருந்து திரைப்பாட்டுக்கு வந்தவர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்கு (1908–1957) அவர் எழுதித் தந்த கிந்தனார் கதாகாலட்சேபம் 'நல்லதம்பி' (1949) படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய நந்தனார் சரித்திரத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, உள்ளீட்டை முற்றும் மாற்றிய படைப்பு அது. நந்தனுக்குத் தில்லையின்மேல் நாட்டம். கிந்தனுக்குப் பட்டணத்துப் பள்ளியின்மேல் நாட்டம். நந்தன் தீயிற் புகுந்து தூயனாய்த் தில்லையை அடைகின்றான். கிந்தன் கல்வியிற் புகுந்து கல்வி அதிகாரியாய்த் தன் ஊருக்கே திரும்புகின்றான்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் 14 ஆண்டே. நந்தன் கதையில் தாழ்த்தப்பட்டவன் தன்னை மாற்றிக்கொண்டால் கதவு திறக்கும். கிந்தன் கதையில் அவன் திரும்பி வருதலால் ஊரே மாறியாதல் வேண்டும். கதாகாலட்சேபம் என்னும் பழைய வடிவத்தை நகைச்சுவையோடு எடுத்தாண்டமையால் இம்மாற்றம் அவையோர்க்குக் கசக்கவில்லை. பழைய வடிவத்தை அழிக்காமல் அதற்குள் புதுப்பொருளைப் பெய்தல் பெரும்புலவர் செயல். காக்கை தன் இனத்தை அழைத்து உண்பதை வள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் அரசியல் அறத்துக்கு உவமையாக வைத்தார். 'பராசக்தி' (1952) படத்தில் சி. எஸ். ஜெயராமன் பாடிய காக்கைப் பாட்டில், நாராயணகவியார் அதே காக்கையைப் பசித்துத் திரியும் இளைஞன் வாயில் வைத்துப் பகிர்ந்துண்ணா மக்களை இடித்துரைத்தார். குறளின் கருத்து தெருவின் மொழியிற் பேசிற்று.

ஆயினும் கிந்தனார் யாருடையது என்று வினவின், கலைவாணருடையது என்பதே பொதுவிடை. பேசுவது போலவே பாடும் நெறி கலைவாணருடையது. அந்நெறிக்கு ஏற்பச் சொல்லை அளந்து வைத்தவர் உடுமலையார். பாடியவர் எவ்வளவு இயல்பாகப் பாடினாரோ அவ்வளவுக்குப் பாவலர் மறைந்தார். தம் கலையின் வெற்றியே அவர் பெயருக்குக் கேடாயிற்று.

6. சம்பளப் பாட்டு

இதனை யாம் நூலிற் கற்றதைவிட ஒரு முதியவரிடம் கற்றதே மிகுதி. 'முதல் தேதி' (1955) படத்தில் கலைவாணர் பாடிய பாட்டொன்று மாதச் சம்பளக்காரனின் நிலையைக் கூறுவது. மாதத்தின் முதல் இருபது நாள் களிப்பும், அதன்பின் திண்டாட்டமும் அதன் பொருள். இதனை இயற்றியவரும் நாராயணகவியாரே. யாமும் பல்லாண்டு வகுப்பறையில் இதனை என். எஸ். கே. பாட்டு என்றே கூறி வந்தோம். அது எம் குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன், பனியன் கம்பெனியில் நாற்பதாண்டு தையற்பணி செய்து ஓய்ந்த முதியவர் ஒருவரிடம், அவர் நினைவிலுள்ள பாட்டுக்களைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தோம். இப்பாட்டை அவர் முழுதும் பாடிக்காட்டினார். திருப்பூரில் தொழிலாளர்க்குக் கூலி வாரந்தோறும் சனிக்கிழமையில் தரப்படும். மாதச் சம்பளப் பாட்டு உங்களுக்கு எவ்வாறு பொருந்தும் என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டே, "ஏனுங்க ஐயா, எங்களுக்குச் செவ்வாய்க்கிழமையே இருவதாந் தேதி வந்துருமுங்க" என்றார்.

இவ்விடை ஓர் உரையாசிரியனின் விடைக்கு ஒப்பானது. எழுத்தர் ஒருவரின் மாதக்கணக்கைப் பாடிய பாட்டு, கூலியாளின் வாரக்கணக்குக்கும் இடங்கொடுத்தது. காலமும் தொழிலும் மாறியும் பொருள் சுருங்காமல் விரிந்தது. பழமையால் நிற்கும் பாட்டுக்கும் தகுதியால் நிற்கும் பாட்டுக்கும் வேறுபாடு இதுவே. முன்னது கேட்போனைத் தன் காலத்துக்கு இழுத்துச் செல்லும். பின்னது கேட்போன் காலத்துக்குத் தானே வரும்.

பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டோம். "என்.எஸ்.கே. பாட்டுத்தானுங்களே" என்றார். பூளவாடிக்காரர் ஒருவர் எழுதியது என்று கூறியபோது அவர் சற்றே பேசாதிருந்தார். பின்பு, "பூளவாடி எங்க வீட்டுக்காரம்மா பொறந்த ஊருங்க. இத்தன வருசம் யாரும் சொல்லலைங்களே" என்றார். அச்சொல் எம்மையும் எம் துறையையும் நோக்கிய வினாவாகவே எமக்குப் பட்டது. அவர் நினைவில் பிழையில்லை. பாட்டை அவர் ஓரடியும் விடாமற் காத்திருந்தார். பெயரைக் காக்க வேண்டிய கடமை கற்றோர்க்கு உரியது. அதனை நாம் செய்திலோம்.

7. மறுப்பும் விடையும்

திரைப்பாட்டு இசையின்றி நில்லாது, ஆதலின் அஃது இலக்கிய ஆய்வுக்கு உரியதன்று என்பார் உளர். இசையின்றி நில்லாமை குற்றமாயின் பரிபாடலும் கானல்வரியும் அக்குற்றத்துக்கு உட்படும். அவற்றின் இசையை இழந்தும் சொல்லைக் கற்கின்றோம். திரைப்பாட்டிலோ இசையும் குரலும் உள்ளன. சொல்லுக்குரியவன் பெயரே ஐயத்துக்கு உள்ளாகின்றது. ஆய்வாளனுக்கு இது முன்னையதினும் எளிய பணி.

அப்பணிக்கு முன்மாதிரி இவ்வட்டாரத்திலேயே உண்டு. கானடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், காங்கயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்ந்து, 1965இல் அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாடகர் வாய்மொழியாக ஒலிப்பதிவு செய்தார். அது 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வாயிலாகத் தமிழ் மூலத்தோடு நூலாயிற்று. அந்நாட்டுப்பாட்டில் பாடுவோனே பாவலனும் ஆவான். அவன் பெயரும் பாட்டும் ஒருங்கே காக்கப்பட்டன. திரைப்பாட்டில் பாடுவோனும் பாவலனும் வேறாதலின் இருமடங்கு கருத்து வேண்டும்.

இதற்குரிய சான்றுகள் மூன்று. திரையரங்கு வாயிலில் அன்று விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று, இசைத்தட்டு ஒன்று, முதியோர் நினைவு ஒன்று. இம்மூன்றும் பலவிடத்து வேறுபடும். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பயிற்சி தமிழ்த்துறைக்குப் புதிதன்று. அப்பயிற்சியை இவற்றின்பாலும் செலுத்தலாம். பாட்டுப் புத்தகங்கள் மட்கிய தாளில் அச்சானவை. முதியோர் நினைவோ அதனினும் விரைந்து மறைவது. மேலே கூறிய முதியவர் இன்று இல்லை. அவர் பாட்டுள் யாம் எழுதிக்கொண்டவை பதினொன்றே. எழுதாமல் விட்டவற்றுக்குக் கணக்கில்லை. முதுகலை மாணவர் தத்தம் ஊரில் இப்பணியைத் தொடங்குவாராக.

8. முடிவுரை

பழம்பாட்டை நினைந்து உருகுதல் இயல்பு. அவ்வுருக்கம் தகுதிக்கு அளவாகாது. குரலின் பெருமை மெய். அது சொல்லின் பெருமையை மறைத்தல் முறையன்று. காலம் மாறியும் புதுப்பொருள் தரும் பாட்டே தகுதியால் நிற்பது. இவையே மேற்கூறியவற்றின் சாரம்.

மருதமரக் கிளையிலிருந்து மடுவிற் பாய்ந்ததைப் பாடிய புறநானூற்றுப் புலவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. தொகுத்தோர் அவர் பாட்டிலுள்ள தொடரையே எடுத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவருக்குப் பெயராகச் சூட்டினர். பெயர் தெரியாத புலவனுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று கருதிய மரபு நம்முடையது. அச்சும் ஒலிப்பதிவும் உள்ள காலத்தில், பெயர் தெரிந்த பாவலனின் பாட்டை மற்றொருவர் பெயரால் வழங்குதல் அம்மரபுக்கு ஒவ்வாது. நினைதல், ஆராய்ச்சி என்னும் இரண்டையும் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் ஒரே நூற்பாவில் வைத்து எண்ணினார். மக்கள் நினைதலைச் செவ்வனே செய்து வருகின்றனர். ஆராய்ச்சி நம் கடன்.